இருநூறு வீடுகளும் ஓர் அட்டைக் கோப்பும்

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 1980களின் தொடக்கத்தில் ஒரு தொண்டு அமைப்பு, வீட்டைவிட்டு வெளியே வர இயலாத முதியோருக்கு மதிய உணவு கொண்டுபோய்க் கொடுத்துவந்தது. ஏறத்தாழ இருநூறு வீடுகள், நான்கு ஓட்டுநர்கள், வழியை வகுக்க ஒரு மேலாளர். கணிப்பொறி கிடையாது. யார், எந்த வரிசையில், எந்தெந்த வீட்டுக்குப் போவது? வரிசை தவறினால் கடைசி வீட்டு முதியவருக்கு ஆறிய உணவுதான்.

எல்லா வழிகளையும் அளந்து, குறுகியதைத் தேர்ந்தெடுத்தால் போயிற்று என்று நீங்கள் சொல்லக்கூடும். எண்ணிப் பார்ப்போம். ஓர் ஓட்டுநருக்கு 10 வீடுகள் என்று கொள்வோம். முதல் வீட்டை 10 விதமாகவும், அடுத்ததை 9 விதமாகவும் தேர்ந்தெடுக்கலாம். இப்படியே பெருக்கினால் 36,28,800 வரிசைகள். தலைகீழாகச் சென்றாலும் தூரம் அதேதான். ஆகவே பாதி, 18,14,400. கணிப்பொறிக்கு இது நொடி வேலை. வீடுகள் 25 ஆனால்? நொடிக்கு நூறு கோடி வழிகளை அளக்கும் பொறிக்கும் 24 கோடி ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும்! (ஒவ்வொன்றாக அளக்காமலே விடை காணும் நுட்பங்கள் உண்டு. 2006இல் 85,900 புள்ளிகள் கொண்ட ஒரு கணக்குக்கு அவ்வாறு விடை கண்டார்கள். ஆனால் அதற்கு வலிய கணிப்பொறிகள் வேண்டும்.)

சரி, எப்போதும் அருகிலுள்ள வீட்டுக்கே போனால் என்ன? நேரான ஒரு சாலையில் சமையற்கூடம் இருக்கிறது. கிழக்கே 1, 5 கி.மீ. தொலைவிலும், மேற்கே 2, 10 கி.மீ. தொலைவிலும் நான்கு வீடுகள். இந்த விதிப்படி சென்று திரும்ப 36 கி.மீ. ஆகும். கிழக்கை முடித்துவிட்டு மேற்கே போனால் 30 கி.மீ. தான். போட்டுப் பாருங்கள்.

அட்லாண்டாவில் இன்னொரு தொல்லையும் இருந்தது. பட்டியல் அடிக்கடி மாறும். ஒருவர் குணமடைவார், ஒருவர் இறப்பார், புதியவர் சேருவார். ஒவ்வொரு முறையும் கணக்கை முதலிலிருந்து போட முடியுமா?

ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பார்த்தோல்டி, பிளாட்ஸ்மன் ஆகியோர் ஒரு பழைய வளைகோட்டின் உதவியை நாடினர். அது போலந்துக் கணித அறிஞர் சியர்பின்ஸ்கி 1912இல் காட்டியது. ஒரு சதுரத்தை மூலைவிட்டத்தால் இரு செங்கோண முக்கோணங்களாக்குங்கள். செங்கோண முனையிலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுவுக்குக் கோடிட்டு, ஒவ்வொன்றையும் மீண்டும் இரண்டாக்குங்கள். இப்படியே பிரித்துக்கொண்டு போங்கள். ஒரு முக்கோணத்திலிருந்து அதை ஒட்டிய அடுத்ததற்குச் செல்லுமாறு எண்ணிட்டு வந்தால், எல்லாவற்றையும் தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் கோடு கிடைக்கும். இதை நகர வரைபடத்தின்மேல் பொருத்தினால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் வந்துவிடும். எண்கள் அடுத்தடுத்து இருந்தால் வீடுகளும் அருகருகே இருக்கும்.

மேலாளரின் வேலை இவ்வளவே. வரைபடக் கட்டத்தைப் பார்த்து, முன்பே கணித்துவைத்த அட்டவணையிலிருந்து எண்ணை எடுத்து, அட்டையில் எழுதி, எண் வரிசையில் செருக வேண்டும். அட்டைகளின் வரிசையே வழி! அதை நான்காகப் பகுத்தால் நான்கு ஓட்டுநர்களின் பங்கு. ஒருவர் விலகினால் அவருடைய அட்டையை உருவிவிடலாம். மற்றவர்களின் வரிசை மாறாது. பெயரை வைத்துத் தேட அகர வரிசையில் இன்னொரு தொகுதி அட்டைகள்.

குறை இல்லாமல் இல்லை. அருகருகே உள்ள இரு வீடுகளின் எண்கள் சிலசமயம் வெகுவாக விலகிவிடும். புள்ளிகள் சீராகச் சிதறியிருந்தால், இம்முறை தரும் வழி மிகக் குறுகிய வழியைவிடச் சராசரியாக 25 சதவீதம் நீளம். அந்தக் கால் பங்கைக் கொடுத்து, கணிப்பொறியே வேண்டாத எளிமையை வாங்கினார்கள். என் கணக்கில் அது மலிவான பேரம்.

கையில் உள்ள வழியை மேலும் குறைக்க ஒரு தந்திரம் உண்டு. வழியை நேர்கோடுகளால் வரையுங்கள். எங்காவது இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால், அவற்றை நீக்கிவிட்டு, வெட்டாத வேறு இரு கோடுகளால் அதே வீடுகளை இணைத்துவிடலாம். தூரம் கட்டாயம் குறையும். ஏன்? முக்கோணத்தின் இரு பக்கங்களின் கூடுதல் மூன்றாம் பக்கத்தைவிடப் பெரிது என்பதை மட்டும் கொண்டு நிரூபித்துப் பாருங்கள்.