தொடுதலும் பிடித்தலும்



தாமிரபரணி பாயும் நம் மண் கபடிக்குப் பேர்போனது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, 1995இல் அர்ஜுனா விருது பெற்றார்.

கபடியில் கைதட்டல் பாடிச் செல்பவளுக்கே. ஆகவே பயிற்சியில் பலரும் பாடவே விரும்புகிறோம். சென்ற ஆண்டு ஒரு போட்டியில் அதன் பலனைக் கண்டோம். நன்றாகப் பாடும் தோழி பிடிபட்டு வெளியே அமர்ந்தாள். எதிரணியில் ஒருத்தியைப் பிடித்திருந்தால் அவள் உள்ளே வந்திருப்பாள். எங்களுக்கோ பிடிக்கத் தெரியவில்லை, தோற்றோம்.

தொட்டு மீண்டாலும், பாடி வந்தவளைப் பிடித்தாலும் புள்ளி ஒன்றே. மூவரோ அதற்கும் குறைவானவரோ நின்று பிடித்தால் புள்ளி இரண்டு!

2018 ஆசிய விளையாட்டு இறுதியில் இந்திய மகளிர் ஈரானிடம் 24-27 எனத் தோற்றனர். 2023இல் ஹாங்சோவில் சீன தைபேயை 26-25 என வென்று தங்கத்தை மீட்டனர். வித்தியாசம் ஒரே புள்ளி. அது தொட்டு வந்ததா, பிடித்து வந்ததா என்று பதக்கம் கேட்பதில்லை.

பாடுவதற்கு மூச்சும் கால்வேகமும் வேண்டும். நேரம் 30 விநாடிதான். பிடிப்பதற்குப் பொறுமையும் ஒற்றுமையும் வேண்டும். கைகோத்து நிற்கும் இருவரில் ஒருத்தி அவசரப்பட்டுத் தனியே பாய்ந்தால், வந்தவள் தொட்டுத் தப்பிவிடுவாள்.

எனவே பயிற்சி நேரத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வோம். எப்படிப் பிடிப்பார்கள் என்று அறிந்தவளுக்கே தப்பும் வழியும் தெரியும். வெளியே அமர்ந்திருக்கும் தோழியை மீட்கும் கை நம் கையாக இருக்கட்டும்!