புளித்த தீவனம் போட்டால் முட்டை எப்போது வரும்?

இராமநாதபுரத்திலிருந்து சேதுக்கரைக்குச் செல்லும் வழியில் உள்ள திருப்புல்லாணி வட்டாரத்தில் வானம் பார்த்த நெல் சாகுபடியே பிரதானம். வடகிழக்குப் பருவ மழையை நம்பி விதைத்து, தை மாதத்தில் அறுவடை முடிந்துவிட்டால் நிலத்தில் வேலை குறைந்துவிடும். அந்த மாதங்களில் எண்ணெய், உப்பு, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் போன்ற சில்லறைச் செலவுகளுக்குக் கை கொடுப்பவை வீட்டில் வளரும் ஐந்தாறு நாட்டுக் கோழிகளே.

தை, மாசியில் களத்தில் சிந்திய நெல்லையும் வயலில் உள்ள புழு பூச்சிகளையும் கோழிகள் பொறுக்கித் தின்று கொழுக்கும். பங்குனி பிறந்தால் தரை காய்ந்துவிடும். மேய்ச்சலில் வயிறு நிறையாது. கைத்தீவனம் வாங்கவும் கட்டுப்படியாகாது. ஆகவே, இருக்கும் குருணையையும் தவிட்டையும் புளிக்க வைத்துக் கொடுத்தால் தீவனச் செலவு குறையும், முட்டையும் கூடும் என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. இதில் முதல் பாதி பெரும்பாலும் சரி. இரண்டாம் பாதியைச் சரியாகப் புரிந்து கொள்ளாவிட்டால் நஷ்டம் வரும். இரண்டு வாரம் புளித்த தீவனம் போட்டுவிட்டு, முட்டை காணவில்லை என்று நல்ல விடைக்கோழியைச் சந்தைக்குக் கொண்டு போய்விட்டால், கையில் வந்திருக்க வேண்டிய வருமானம் கை நழுவிப் போகிறது.

புளிப்பு என்ன செய்கிறது?

பழைய சோற்றில் இரவு ஊற்றிய தண்ணீர் காலையில் நீராகாரமாகப் புளித்திருப்பதை எல்லோரும் அறிவர். தானியத்தில் இயற்கையாகவே இருக்கும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் மாவுச் சத்தில் ஒரு பகுதியை அமிலமாக மாற்றுவதால் இந்தப் புளிப்பு உண்டாகிறது. கோழித் தீவனத்தில் நடப்பதும் இதுவே.

இதனால் மூன்று அனுகூலங்கள் உண்டு. முதலாவது, புளிப்பு மிகுந்த தீவனத்தில் குடல் நோய் உண்டாக்கும் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. இரண்டாவது, தவிட்டிலும் தானியத்திலும் உள்ள பாஸ்பரஸ் சத்தில் பெரும் பங்கு கோழிக்குச் சீரணமாகாத வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. புளிக்கும்போது அதில் ஒரு பகுதி விடுபட்டுக் கோழியின் உடலில் சேருகிறது. மூன்றாவது, ஈரத் தீவனம் காற்றில் பறப்பதில்லை. கோழி கிளறிச் சிந்தி வீணாக்குவதும் குறைகிறது.

ஆனால் புளிக்க வைப்பதால் இல்லாத புரதம் உண்டாகிவிடாது. சுண்ணாம்புச் சத்தும் வந்து சேராது. வெறும் குருணையைப் புளிக்க வைத்தால் கிடைப்பது புளித்த குருணையே. முட்டைக்கு வேண்டிய மற்றச் சத்துகளைத் தனியாகச் சேர்த்தாக வேண்டும்.

டென்மார்க்கில் கண்டது

டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பாப்காக் இன முட்டைக் கோழிகளுக்கு 16-வது வார வயதிலிருந்து புளித்த ஈரத் தீவனம் கொடுத்துச் சோதித்து, அதன் முடிவை 2009-ல் வெளியிட்டனர். உலர் தீவனம் தின்ற கோழிகளுக்கும் புளித்த தீவனம் தின்ற கோழிகளுக்கும் மொத்த முட்டை எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் புளித்த தீவனம் தின்றவை தீவனத்தை நன்கு பயன்படுத்தின. பிற்பகுதியில் அவற்றின் முட்டை எடையும் ஓட்டின் உறுதியும் கூடியிருந்தன.

அதே சோதனையில் ஓர் எச்சரிக்கையும் கிடைத்தது. முட்டையிடத் தொடங்கும் தருணத்தில் திடீரெனப் புளித்த தீவனத்துக்கு மாற்றப்பட்ட கோழிகள் ஆரம்பத்தில் சரியாகத் தின்னவில்லை. ஒன்றையொன்று கொத்திக் கொள்வதும் அதிகமாயிற்று. எனவே முட்டைப் பருவம் வருவதற்கு முன்பே கோழியை இந்தத் தீவனத்துக்குப் பழக்கிவிட வேண்டும்.

இன்று போட்டது நாளைக்கு முட்டையாகாது

முட்டையின் மஞ்சள் கரு கோழியின் உடலில் வேகமாக வளர்ந்து முழு அளவை எட்டச் சுமார் 7 முதல் 10 நாட்கள் ஆகும். பின் அது கருக்குழாயில் இறங்கி, வெள்ளைக் கருவும் ஓடும் சேர்ந்து வெளிவர 24 முதல் 26 மணி நேரம் பிடிக்கும். இதில் ஓடு உருவாக மட்டும் சுமார் 20 மணி நேரம் ஆகும். ஆகவே முட்டையிடும் வயதில் உள்ள கோழிக்கே தீவன மாற்றத்தின் பலன் தெரிய இரண்டு வாரமாவது வேண்டும். மெலிந்த கோழியானால் முதலில் தன் உடலைத் தேற்றிக் கொண்ட பிறகே முட்டையிடும்.

நாட்டுக் கோழி பெரும்பாலும் ஆறு மாத வயதை ஒட்டித்தான் முதல் முட்டையிடும். தீனி குறைவாகக் கிடைத்து வளர்ந்தவை ஏழு, எட்டு மாதம்கூட எடுத்துக் கொள்ளும். நான்கு மாத விடைக்கோழிக்கு எந்தத் தீவனம் போட்டாலும் அதற்குரிய பருவம் வரும்வரை முட்டை வராது.

தயாரிக்கும் முறை

பகலெல்லாம் மேய்ந்து வரும் கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 கிராம் கைத்தீவனம் கொடுக்கலாம். மேய்ச்சல் வற்றும் கோடையில் 60 கிராம் வரை உயர்த்தலாம். 10 கோழிகளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியவை:

குருணை அல்லது உடைத்த கம்பு – 200 கிராம்
தவிடு – 100 கிராம்
கடலைப் பிண்ணாக்கு – 80 கிராம்
உப்பிடாத கருவாட்டுத் தூள் – 20 கிராம்

இவற்றில் தானியத்தையும் தவிட்டையும் மட்டும் புளிக்க வைத்தால் போதும். பிண்ணாக்கையும் கருவாட்டுத் தூளையும் தீவனம் வைக்கும் நேரத்தில் கலந்து கொள்ள வேண்டும். கருவாடு வெயிலில் ஊறினால் அழுகிவிடும்.

மண்பானை அல்லது பிளாஸ்டிக் வாளியே ஏற்றது. அலுமினியம், தகரப் பாத்திரங்களைப் புளிப்பு அரித்துவிடும். தானியத்தையும் தவிட்டையும் போட்டு, ஒரு விரற்கடை மேலே நிற்கும்படி நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரானால் ஓர் இரவு திறந்து வைத்திருந்து ஊற்றுவது நல்லது. உப்புப் போடாத நீராகாரம் ஒரு கரண்டி சேர்த்தால் விரைவில் புளிக்கும். வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வைத்து, காலையும் மாலையும் கிளறி, தானியம் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும்படி பார்த்துக் கொள்ள வேண்டும்.

இந்தப் பகுதியின் வெயிலுக்கு ஒரு நாள் முதல் ஒன்றரை நாளில் பதம் வந்துவிடும். மழைக்காலத்தில் இரண்டு நாள் ஆகலாம். பிறகு தண்ணீரை வடித்துவிட்டுத் தீவனத்தை எடுக்கலாம். வடித்த தண்ணீரில் ஒரு கரண்டியை அடுத்த பானைக்கு உறையாக ஊற்றலாம். இரண்டு பானைகளை மாற்றி மாற்றி வைத்தால் தினமும் தீவனம் கிடைக்கும். காலியான பானையைக் கழுவி வெயிலில் காய வைக்க வேண்டும்.

புளித்ததா, கெட்டதா?

நன்கு புளித்த தீவனத்தில் சிறு குமிழிகள் வரும். இட்லி மாவு போல அல்லது நீராகாரம் போல இதமான புளிப்பு வாடை இருக்கும். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் பூஞ்சாணம் படர்ந்திருந்தாலும், அழுகல் நாற்றம் அடித்தாலும், கள் வாடை தூக்கலாக இருந்தாலும், கோழை போல இழுபட்டாலும் அதைக் கோழிக்குப் போடக் கூடாது. மேலாக வழித்தெறிந்துவிட்டு அடியில் உள்ளதைக் கொடுக்கலாம் என்று எண்ணுவதும் தவறு. அப்படியே குழியில் கொட்டி மூடிவிட வேண்டும். 300 கிராம் தீவனத்தை மிச்சப்படுத்தப் போய்ப் பத்துக் கோழிகளையும் இழக்க நேரலாம்.

பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கும் இத்தகையதே. அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுத்து முட்டையையும் குறைக்கும். புளிக்க வைத்தாலும் வேக வைத்தாலும் அந்த நஞ்சு போய்விடும் என்று நம்ப முடியாது. உலர்ந்த, வாடையில்லாத பிண்ணாக்கைச் சிறிது சிறிதாக வாங்கிப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

பழக்குவது எப்படி?

முதல் வாரம் நான்கில் ஒரு பங்கு புளித்ததும் மீதி வழக்கமான தீவனமுமாகக் கொடுக்க வேண்டும். இரண்டாம் வாரம் பாதிக்குப் பாதி. மூன்றாம் வாரத்திலிருந்து முழுவதும் மாற்றலாம். விடைக்கோழிகளுக்கு ஐந்தாம் மாதத் தொடக்கத்திலேயே இதை ஆரம்பித்துவிடுவது நல்லது. அரை மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவே வைக்க வேண்டும். மீந்ததை எடுத்துவிட்டுத் தொட்டியைக் கழுவாவிட்டால் ஈ மொய்க்கும்.

கிளிஞ்சலும் நல்ல தண்ணீரும்

முட்டை ஓட்டில் 90 சதவீதத்துக்கு மேல் கால்சியம் கார்பனேட் எனும் சுண்ணாம்புச் சத்துத்தான். தானியத்திலும் தவிட்டிலும் இது மிகக் குறைவு. கடலோர விவசாயிகளுக்கு இதற்குச் செலவே இல்லை. கரையில் ஒதுங்கும் கிளிஞ்சல்களைப் பொறுக்கி, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்புப் போக்கி, காய வைத்துப் பச்சைப் பயறு அளவுக்கு நொறுக்கி ஒரு சிரட்டையில் தனியாக வைத்தால் போதும். முட்டையிடும் கோழி வேண்டிய அளவு தானே தின்று கொள்ளும். சுவருக்கு அடிக்கும் சுட்ட சுண்ணாம்பை ஒருபோதும் வைக்கக் கூடாது. அது வாயையும் குடலையும் வெந்துவிடச் செய்யும்.

தண்ணீர் விஷயம் இதைவிட முக்கியம். கடலோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பாக உள்ளது. முட்டைக் கோழிகள் உப்பு கலந்த நீரைக் குடித்தால் ஓடு மெலிந்து உடையும் முட்டைகள் மிகுதியாகின்றன என்பதை ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்தில் 1980-களில் நடந்த ஆய்வுகள் காட்டின. வீட்டுக்குக் குடிக்க எடுக்கும் தண்ணீரையே கோழிக்கும் ஒரு மண்சட்டியில் நிழலில் வைக்க வேண்டும். உப்புக் கருவாட்டைத் தீவனத்தில் சேர்த்து உவர் நீரும் வைத்தால், உப்பு மிஞ்சிக் கோழி கழிந்து சாகவும் கூடும்.

விற்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

முட்டை வரவில்லை என்றால் தீவனத்தைக் குறை சொல்லுமுன் சிலவற்றைச் சோதிக்க வேண்டும்.

கோழியின் கொண்டை சிவந்து பெருத்திருந்து, அது கேறிக்கொண்டு மூலை முடுக்குகளைத் தேடினால் முட்டை நெருங்கிவிட்டது என்று பொருள். பின்புறத்தில் எருவாய்க்கு இருபுறமும் உள்ள எலும்பு முனைகளுக்கிடையே இரண்டு விரல் புகுந்தால் அது முட்டையிடும் கோழி. ஒரு விரலுக்கே இடமில்லை என்றால் இன்னும் பருவம் வரவில்லை, அல்லது முட்டையை நிறுத்திவிட்டது.

கேறிக் கொக்கரித்தும் முட்டை காணவில்லை என்றால் கருவைப் புதரிலோ வைக்கோல் போரிலோ இட்டு வைத்திருக்கலாம். கீரியோ காகமோ கொண்டு போயிருக்கவும் கூடும். காலை பத்து மணி வரை பஞ்சாரத்தில் அடைத்து வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

நாட்டுக் கோழி ஓர் ஈட்டுக்குப் பத்து முதல் பதினைந்து முட்டை இட்டு அடைக்குப் போவது இயல்பு. 21 நாள் அடை காத்து, குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாதம் திரியும் காலத்தில் முட்டையிடாது. குஞ்சு தேவையில்லை என்றால் அடைக் கோழியைக் காற்றோட்டமான கூடையில், படுக்கை எதுவும் இல்லாமல், தீனியும் தண்ணீரும் வைத்து நான்கைந்து நாள் வைத்திருந்தால் அடை தெளியும். தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகு செருகுவதும் கோழியை வாட்டுவதைத் தவிர வேறு பயன் தராது. இறகு உதிர்க்கும் காலத்திலும் கோழி முட்டையை நிறுத்திவிடும். புது இறகு முளைத்த பின் மீண்டும் தொடங்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தால் புளித்த தீவனமும் கிளிஞ்சலும் கோழியைக் காப்பாற்றாது. எட்டாவது வாரத்தில் ஆர்.டி.வி.கே. தடுப்பூசி போட்டுக் கொள்வது அவசியம். தமிழகக் கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரி மாதத்தில் இரு வாரத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் தேதியை விசாரித்து அறியலாம்.

புளித்த தீவனம் தொடங்கிய நாளையும், ஒவ்வொரு கோழியும் முட்டையிட்ட நாளையும் வீட்டு நாட்காட்டியில் குறித்து வர வேண்டும். முட்டையிடும் வயது வந்த, அடையிலும் இறகு உதிர்ப்பிலும் இல்லாத கோழிக்குச் சத்தான தீவனமும் கிளிஞ்சலும் நல்ல தண்ணீரும் கொடுத்து இரண்டு மாதமாவது பார்த்த பிறகே விற்பதா, வைத்துக் கொள்வதா என்று முடிவு செய்ய வேண்டும். புளித்த பானை தீவனத்தை மிச்சப்படுத்தும். முட்டைக்குக் கோழியின் பருவம் வரும்வரை பொறுத்திருப்பவரே லாபம் காண்பார்.