கார்ட்டூனில் ஒரு காலப் பயணம்

பள்ளிக்குப் போகும் குழந்தை உள்ள நம் சங்க அன்பர்களின் வீடுகளில் 'மிராக்குலஸ்' என்ற கார்ட்டூன் தொடரின் பெயர் அடிபடாமல் இருக்காது. இங்கே குழந்தைகள் அதை ஹிந்தியில் பார்க்கிறார்கள். புள்ளி போட்ட சிவப்பு உடையில் ஒரு பெண் கூரைக்குக் கூரை தாவுவதைப் பார்த்ததும் பெரியவர்களாகிய நாம் செய்தித்தாளை விரித்துக்கொள்கிறோம். அதில் 2019-ல் வந்த ஒரு கதையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். 'வெள்ளைப் பூனை' என்பது அதன் தலைப்பின் பொருள்.

முதலில் அடிப்படை. தாமஸ் அஸ்ட்ரூக் உருவாக்கிய இந்தப் பிரெஞ்சுத் தொடர் 2015-ல் தொடங்கியது. கதை நடப்பது பாரிஸில். ரொட்டிக் கடைக்காரரின் மகள் மாரினெட்தான் முகமூடி அணிந்த 'லேடிபக்', அதாவது பொறிவண்டு. ஆடை வடிவமைப்பாளர் கப்ரியேலின் மகன் ஏட்ரியன்தான் 'கேட் நுவார்' என்ற கறுப்புப் பூனை. மாரினெட்டுக்கு ஏட்ரியன் மீது காதல். பூனைக்கு லேடிபக் மீது காதல். ஆள் இரண்டு, முகம் நான்கு. இருவருமே மற்றவர் யாரென்று அறியாதவர்கள். வில்லனோ கப்ரியேல்தான். மனம் உடைந்தவர்களிடம் கறுப்பு வண்ணத்துப்பூச்சியை அனுப்பித் தன் வசப்படுத்துவது அவன் வித்தை. ஆகவேதான் முகமூடி ரகசியம் இங்கே ஒரு பாதுகாப்பு விதி. ஆள் யாரென்று தெரிந்துவிட்டால், அந்த ஆளின் துக்கம் எதுவென்றும் தெரிந்துவிடும்.

கதைக்கு வருவோம். மாரினெட் தன் கையால் ஒரு தொப்பி தைத்து, பெயரையும் எழுதி, லேடிபக் உருவில் போய் ஏட்ரியனின் அறையில் வைத்துவிட்டு வருகிறாள். ஜன்னல் வழியே அவள் போவதைப் பார்த்த ஏட்ரியன் பரிசில் உள்ள பெயரைப் படிக்கிறான். அவ்வளவுதான், ரகசியம் போயிற்று. இருவரும் காதலர்களாகிறார்கள். விஷயம் கப்ரியேலுக்கும் எட்டுகிறது. கடைசியில் அவன் வண்ணத்துப்பூச்சிக்குப் பலியாகிறவன் பெற்ற மகனே. வெள்ளை உடைப் பூனையாக மாறிய அவன் கையில் உலகமே அழிகிறது. பாரிஸ் வெள்ளத்தில் மூழ்க, நிலா உடைந்து வானில் கிடக்கிறது.

இதைச் சரிசெய்ய, காலத்தினூடே போய்வரும் முயல் வேட வீராங்கனை ஒருத்தி லேடிபக்கை அந்த அழிந்த நாளுக்கு அழைத்துப் போகிறாள். அங்கே தனியே உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பூனை அவளை 'மாரினெட்' என்று அழைக்கிறான். என் பெயர் இவனுக்கு எப்படித் தெரிந்தது? இந்த ஒரு தடயத்தை வைத்து, ரகசியம் கசிந்தது பரிசில் எழுதிய பெயரால்தான் என்று ஊகிக்கிறாள். பிறகு பழைய நாளுக்குத் திரும்பி, அந்தப் பெயரை அழித்துவிடுகிறாள்.

ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் இருந்தவன் என்பதால் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வண்டி தடம் புரண்டால் விசாரணை கவிழ்ந்த பெட்டியோடு நிற்பதில்லை. சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிய இடத்தைத் தேடிப் பின்னோக்கி நடப்போம். சக்கர விளிம்பு உரசிய கோடு தண்டவாளத்தின் தலையில் மெல்லியதாகத் தெரியும். அதுதான் பூஜ்யம், அங்கிருந்து வண்டி வந்த பக்கமாகப் பாதையை அளப்போம். லேடிபக் செய்ததும் இதுவே. நமக்கு அளக்கத்தான் முடியும். அவளால் திருத்தவும் முடிகிறது.

என் பேத்திக்கு இதில் சம்மதமில்லை. "தப்பு பண்ணது அந்த அப்பா. இவ பேரை எதுக்குத் தாத்தா அழிக்கணும்?" என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் குற்றம் வேறு, காரணம் வேறு. வில்லன் யாரென்று தெரியாமலேயே லேடிபக் திரும்புகிறாள். அவள் கைக்கு எட்டுவது அந்தப் பெயர் ஒன்றுதான். தைத்தவள் பெயரில்லாத பரிசு ஏட்ரியனிடம் போய்ச் சேருகிறது. உலகம் பிழைத்ததற்கு அவள் கொடுத்த விலை அது. சண்டைக் காட்சிகளைக் குறைத்து இதை இன்னும் சற்று நேரம் காட்டியிருக்கலாம்.

தர்க்கத்தில் ஒரு சிக்கலும் உண்டு. அழிவே நடக்காமல் போய்விட்டால், லேடிபக்கை அழைக்க முயல் ஏன் வந்தாள்? காலப் பயணக் கதைகள் எல்லாவற்றையும் துரத்தும் கேள்வி இது. காலத்துக்கு வெளியே ஒரு வெள்ளை வளை இருக்கிறது, அதன் ஜன்னல்கள் வழியே முயல் எல்லா நாட்களையும் பார்க்கிறாள் என்று தொடர் சமாதானம் சொல்கிறது. கண்ட்ரோல் அலுவலகத்தில் இருப்பவர் எந்த வண்டியிலும் ஏறாமலே எல்லா வண்டிகளையும் கவனிப்பது போல! ஒட்டுப் போட்ட பதில்தான் என்றாலும் குழந்தைகளுக்குப் போதும்.

பெரியவர்கள் அவசியம் பேச வேண்டியது ஒன்று உண்டு. 'இதை வீட்டில் சொல்லாதே' என்று வேறொருவர் குழந்தை மீது சுமத்தும் ரகசியம் வேறு, மாரினெட்டின் ரகசியம் வேறு. முன்னதை உடனே அப்பா அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று பேத்தியிடம் விளக்கினேன். அவளுடைய பதில் எனக்கே புதுச் செய்தி. 2021-ல் வந்த கதைகளில், பாரம் தாங்காமல் மாரினெட் தன் தோழி ஆல்யாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாளாம். அடுத்து அந்தக் கதையைத்தான் பார்க்கப் போகிறோம்.