கூம்புப் பூ வளர்ப்பும் விதைக் காப்பும்

சாமந்தியையும் சூரியகாந்தியையும் அறியாதார் நம்முள் இலர். அவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த வட அமெரிக்கச் செடியொன்றைப் பற்றித் தாவரவியல் மாணவன் என்ற முறையில் சிறிது கூற விரும்புகிறேன். 'கோன்பிளவர்' எனப்படும் அதனைத் தமிழில் கூம்புப் பூ எனலாம். தாவர நூலார் இட்ட பெயர் எக்கினேசியா. இது முள்ளெலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. பூவின் நடுமேட்டைத் தடவிப் பார்ப்பவர்க்குப் பெயரின் பொருத்தம் விளங்கும்.

ஒரு பூ என்று நாம் எண்ணுவது உண்மையில் பல சிறு பூக்களின் கூட்டம். சுற்றிலும் இதழ்போல் இருப்பவை மலட்டுப் பூக்கள். பூச்சிகளை அழைப்பதே அவற்றின் தொழில். விதை தருபவை நடுமேட்டுப் பூக்களே. அவை வெளி வட்டத்திலிருந்து உள்நோக்கி வரிசையாக மலரும்.

அந்நாட்டு வீட்டுத் தோட்டங்களில் இதன் பல இனங்களை வளர்க்கின்றனர். வேரை அறிந்தால் வளர்ப்பு முறை தானே விளங்கும். ஊதாக் கூம்புப் பூவுக்குச் சல்லி வேர். அது சிறிது நிழலையும் பொறுக்கும். தூரைப் பிரித்தும் நடலாம். வெளிர் கூம்புப் பூவும் மஞ்சள் கூம்புப் பூவும் ஆணிவேர் கொண்டவை. அவற்றுக்கு முழு வெயிலும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். பிடுங்கி நடுவதை விரும்பா. அவற்றின் விதையை ஈர மணலில் கலந்து எட்டு முதல் பன்னிரண்டு வாரம் குளிரில் வைத்தால் நன்கு முளைக்கும்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். இச்செடி பெரும்பாலும் தன் மகரந்தத்தால் விதை கொள்வதில்லை. வேறு செடியின் மகரந்தம் வேண்டும். அச்செடி வேறு இனமாயினும் கலப்பு நிகழலாம். ஊதாவையும் மஞ்சளையும் கலந்தே செம்மஞ்சள் வகைகளை உண்டாக்கினர். அழகுக்கு இது நன்று. இனத்தைக் காப்பதற்கோ இடையூறு.

டென்னசிக் கூம்புப் பூவை எடுத்துக் கொள்வோம். நாஷ்வில் நகரைச் சூழ்ந்த சுண்ணாம்புப் பாறை வெளிகளே அதன் தாயகம். அற்றுப் போயிற்று என்று கருதப்பட்ட அச்செடி 1960-களில் மீண்டும் காணப்பட்டது. 1979-இல் அழியும் நிலையிலுள்ள இனமென அரசு அதனைப் பட்டியலில் சேர்த்தது. நிலங்களைக் காத்து, புதிய இடங்களிலும் வளர்த்த பின்னரே, 2011-இல் பட்டியலினின்று நீக்கியது. அதனை ஊதாப் பூவின் அருகில் வளர்த்து, கிடைத்த விதையை அதே பெயரில் பிறர்க்கு அளித்தால் என்னாகும்? பெயர் நிற்கும், இனம் நில்லாது.

இதற்கு வழி எளிது. மலருமுன் ஒரே இனச் செடிகள் இரண்டின் பூந்தலைகளை மெல்லிய துணியால் மூடுக. மலர்ந்தபின் நாள்தோறும் துணியை நீக்கி, ஒன்றின் மகரந்தத்தைத் தூரிகையால் மற்றதற்கு மாற்றி, உடனே மூடிவிடுக. மூடாத பூவின் விதைப் பொட்டலத்தில் 'கலப்பு' என்றே எழுதுக.

விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்கள் இதை நினைவிற் கொள்வது நலம். ஒரே கொல்லையில் இருவகைப் பரங்கி வைத்து விதை சேர்ப்போர்க்கும் இப்பாடம் பொருந்தும்.