குதிரைச் சக்தியும் முறுக்கு விசையும்: எஞ்சின் கடன் கோருமுன் அறிய வேண்டுவன

எஞ்சின் வாங்கக் கடன் கோரும் மனுக்களில் பெரும்பாலும் ஓர் எண்ணே முதன்மையாகக் காணப்படுகிறது. இத்தனை குதிரைச் சக்தி என்பதே அது. விலைப் பட்டியலில் இரண்டு எஞ்சின்கள் ஒரே குதிரைச் சக்தி உடையனவாக இருந்து, ஒன்றின் விலை குறைவாயின், அதனை வாங்குவதே சிக்கனம் என எண்ணுவது இயல்பு. ஆனால் அவ்வாறு வாங்கிய எஞ்சின் கரும்பு ஆலையில் பூட்டியவுடன் திணறி நின்றுவிட்டால், நட்டம் ஒருவரோடு முடிவதில்லை. வெட்டிய கரும்பு காத்துக் கிடந்தால் சர்க்கரைச் சத்துக் குறையும், தவணை தவறும், பிணை நின்ற உறுப்பினரும் பொறுப்பேற்க நேரும். ஆதலின் அந்த ஓர் எண்ணுக்குப் பின்னால் உள்ள மற்றொன்றையும் நாம் அறிதல் வேண்டும். அதுவே முறுக்கு விசை.

முறுக்கு விசை என்பது சுழற்றும் வன்மை. குதிரைச் சக்தி என்பது அவ்வன்மையையும், நிமிடத்திற்கு எத்தனை சுற்று என்பதையும் சேர்த்துக் கணக்கிட்ட அளவு. நெசவாளர்க்கு இதனை விளக்க வேறு சான்று வேண்டா. தார் சுற்றும் ராட்டையில் பெரிய சக்கரம் மெல்லச் சுழல, கதிர் மிக விரைவாகச் சுழல்கிறது. கதிரை இரு விரலாற் பிடித்து நிறுத்திவிடலாம். சக்கரத்தை அவ்வாறு நிறுத்துவது எளிதன்று. கைச் சக்தி ஒன்றே. வேகம் மிகுந்த இடத்தில் வன்மை குறைந்துவிட்டது.

இனி ஓர் உண்மையான எஞ்சினைக் காண்போம். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் ஊரில் செய்யப்பட்ட லிஸ்டர் ஸி.எஸ். என்னும் டீசல் எஞ்சின் புகழ் பெற்றது. அதன் அமைப்பைப் பின்பற்றி ராஜ்கோட்டிலும் எஞ்சின்கள் செய்யப்பட்டன. அதன் ஒற்றைச் சிலிண்டர் வகையொன்று, நிமிடத்திற்கு 650 சுற்றில் 6 குதிரைச் சக்தி தருவது. சிலிண்டரின் விட்டம் 114.3 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 139.7 மில்லிமீட்டர், கொள்ளளவு ஏறத்தாழ 1,433 கன சென்டிமீட்டர். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் முனையில் 6.7 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு விசை இதற்கு உண்டு. அதே 6 குதிரைச் சக்தியை 3,000 சுற்றில் தரும் சிறிய எஞ்சினுக்கோ, அக்கைப்பிடியில் 1.45 கிலோ அளவே உண்டு.

குறைந்த சுற்றில் மிகுந்த முறுக்கு விசை தரும் எஞ்சினை எங்ஙனம் அமைக்கின்றனர்?

முதலாவது, கொள்ளளவு. ஒரு வீச்சில் எவ்வளவு காற்று உட்புகுகிறதோ, அதற்கேற்பவே எரிபொருளை எரிக்க இயலும். ஆதலின் பெரிய சிலிண்டரே அடிப்படை. பிஸ்டன் நெடுந்தூரம் ஓடுவதனாலேயே முறுக்கு விசை மிகுகிறது எனப் பலர் கருதுவர். அது முழு உண்மையன்று. கொள்ளளவு மாறாதிருக்க ஓட்டத்தை நீட்டினால், விட்டம் குறுகும்; கிராங்கின் நெம்பு நீளத்தில் பெற்றதைப் பிஸ்டன் பரப்பில் இழப்போம். நீண்ட ஓட்டமுள்ள எஞ்சினை மிக விரைவாகச் சுழற்றுதல் தகாது என்பதால், அது மெதுவான எஞ்சினுக்கு உரியதாயிற்று.

இரண்டாவது, வால்வுகள். விரைவாகச் சுழலும் எஞ்சினில், உட்புகும் காற்று தன் வேகத்தினாலேயே தொடர்ந்து நுழையும். ஆகவே உள்வால்வைச் சற்றுத் தாமதமாக மூடுவர். மெதுவான எஞ்சினில் அவ்வாறு செய்தால், ஏறும் பிஸ்டன் நுழைந்த காற்றையே வெளியே தள்ளிவிடும். எனவே இதில் உள்வால்வை முன்னதாகவே மூடுவர். காற்றுக் குழாயையும் அளவுக்கு மீறி அகலமாக்குவதில்லை. அகன்றால் குறைந்த சுற்றில் காற்றின் வேகம் தளரும்.

மூன்றாவது, உறுதி. ஒவ்வொரு எரிதலின் அழுத்தத்தையும் கிராங்க் ஷாப்டும், கனெக்டிங் ராடும், பேரிங்குகளும் தாங்க வேண்டும். எடையும் விலையும் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது, பிளைவீல் என்னும் கனத்த சக்கரம். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறையே எரிதல் நிகழும். 650 சுற்றில் 325 முறை. இடையிலுள்ள மூன்று வீச்சுக்களையும் இச்சக்கரமே கடத்துகிறது. ஆனால் இது விசையைப் பிறப்பிப்பதில்லை. நம் சங்கத்தின் சேம நிதியைப் போன்றது இது: ஒரு நாள் முடையைத் தாங்கும், நாள்தோறும் வரவு குறைந்தால் தாங்காது.

சிலர் விசை போதவில்லை என்று எரிபொருள் அளவை மட்டும் கூட்டிவிடுவதுண்டு. காற்று கூடாமல் எண்ணெய் கூடினால், கரும்புகையும் சூடுமே பெரும்பயனாகும். டீசலும் வீணாகி எஞ்சினும் கெடும்.

இனி நடுவுநிலையோடு ஒன்று கூற வேண்டும். 3,000 சுற்று எஞ்சின் தாழ்ந்ததன்று. தகுந்த புல்லிகளாலோ பற்சக்கரங்களாலோ சுற்றைக் குறைத்தால், உராய்வில் போவது நீங்கலாக, அதுவும் அதே முறுக்கு விசையைத் தரும். அப்புல்லிகளுக்கும் பெல்ட்டுக்கும் ஆகும் செலவைச் சேர்த்து ஒப்பிடுவதே முறை. நீர் இறைக்கும் சென்ட்ரிபியூகல் பம்புக்குத் தொடக்கத்தில் பளு குறைவு. சுற்று ஏற ஏறவே பளு ஏறும். அதற்குப் பம்பின் சுற்றோடு ஒத்துப்போகும் எஞ்சினே ஏற்றது. கரும்பு ஆலை, செக்கு ஆகியவற்றின் பளுவோ திடீரென ஏறும். சுற்றுக் குறையும்போது முறுக்கு விசை உயரும் இயல்புள்ள எஞ்சினே அங்கே நின்று உழைக்கும். இறுகிய மண்ணில் உழும் டிராக்டருக்கும் இது பொருந்தும்.

ஆகவே கடன் மனு எழுதுமுன் உறுப்பினர்கள் நான்கு செய்திகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். குறித்த குதிரைச் சக்தி எத்தனை சுற்றில் கிடைப்பது? மிகுந்த முறுக்கு விசை எவ்வளவு, எத்தனை சுற்றில்? நாம் ஓட்டப்போகும் ஆலைக்கோ பம்புக்கோ வேண்டிய சுற்று எவ்வளவு? அதற்குரிய புல்லி, பெல்ட், அடித்தளம் ஆகியவற்றின் செலவு எவ்வளவு? விற்பவர் எழுத்தில் விடை தரட்டும். கூடுமானால் முழுப் பளுவில் ஓட்டிக் காட்டட்டும். விடைகளை மனுவோடு இணைத்தால், நிருவாகக் குழுவும் தெளிந்து முடிவு செய்யும். பிணை நிற்போரும் அச்சமின்றிக் கையொப்பமிடுவர்.