மீன் எண்ணப் போகும் பிள்ளைக்கு

கண்ணு, நீ மாயாற்றுக்குப் போகிறாய் என்று கேட்டதிலிருந்து மனசு நிறைந்து கிடக்கிறது. காவிரியையும் அதில் வந்து சேரும் ஆறுகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத திமில் மகசீரைத் தேடிப் போகிறாய். நான் பட்டுத் தெரிந்ததில் கொஞ்சம் சொல்கிறேன்.

1. வெறுங்கையோடு திரும்பிய நாளையும் எழுது. இளவயதில் வெட்கப்பட்டு அந்த நாள்களை விட்டுவிட்டேன். நாலு வருஷம் கழித்துப் புரட்டினால், ஆறு முழுக்க மீனாக இருந்தது போல் என் நோட்டு பொய் சொன்னது. எத்தனை மணி நேரம் நின்றாய், தண்ணீர் கலங்கலா தெளிவா, அதையும் சேர்த்து எழுது.

2. கூட்டுத்தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிடாதே. கர்நாடகத்தில் காவிரிக்கரைக் காலிபோரில், தூண்டிலில் பிடித்து ஆற்றிலேயே விட்டவர்கள் 1998 முதல் 2012 வரை கணக்கு எழுதினார்கள். மணிக்கு எத்தனை மீன் என்று வகுத்துப் பார்த்தால் மகசீர் கூடிக்கொண்டே வந்தது. கூடியது நீலத் துடுப்பு மகசீர். லோனாவாலாவில் பொரித்த குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்ட வழியில் பெருகியது. நம் ஆரஞ்சுத் துடுப்புத் திமில் மீனோ தேய்ந்துகொண்டிருந்தது. சிறு மீன்கள் அகப்படுவதே அரிதாயிற்று. இனம் பிரித்து எழுதியிராவிட்டால், செழிப்பான ஆறு என்றே நினைத்திருப்போம்.

3. தெரியாத மீனுக்குத் தெரிந்த பெயரை வைக்காதே. 1946இல் கபினியில் 54 கிலோ எடையில் திமில் மகசீர் ஒன்று பிடிபட்டது. அத்தனை புகழ்பெற்ற மீனுக்கே 2018 வரை அறிவியல் பெயர் உறுதியாகவில்லை. கேரளத்துப் பாம்பாற்றில், நம் அமராவதிக்கு வந்து சேரும் அந்தத் தண்ணீரில், முன்பே விவரித்திருந்த டோர் ரெமாதேவிதான் இது என்று மாயாற்று மீனின் மரபணு காட்டிற்று. அதே ஆண்டில் 'மிக அருகிய இனம்' என்ற பட்டியலிலும் ஏறியது. சந்தேகம் வந்தால் 'தெரியவில்லை' என்று எழுது, சாமி. அதில் குறைவில்லை.

4. தொடும் முன் கையை நனை. அளந்ததும் விடு.

5. மீன் அதிகம் கிடைக்கும் மடுவைத் தேடி இடம் மாறாதே. அதே மடு, அதே மாதம், பத்து வருஷம். சலிப்பாக இருக்கும், தாங்கிக்கொள். நம் சிங்காநல்லூர்க் குளத்து மீன்களை எங்கப்பா பெயர் சொல்லி அடையாளம் காட்டுவார். நொய்யலில் சாக்கடை கலந்த பிறகு அவற்றில் பல போய்விட்டன. இப்போது ஜிலேபி மீன்தான் கண்ணில் படுகிறது. எது எந்த வருஷம் போனது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. யாரும் எழுதி வைக்கவில்லை, நானும்தான்.

6. பென்சிலால் எழுது, கண்ணு. மை தண்ணீரில் கரைந்துவிடும்.