இரைப்பைப் பாக்டீரியாவும் அதன் ஓம்புயிரும்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே உள்ள நெய்யூர், 1956-ஆம் ஆண்டு வரை திருவிதாங்கூர்ப் பகுதியைச் சேர்ந்திருந்தது. 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் சிகரம் ஏற முயன்ற குழுவில் ஒருவரான டாக்டர் ஹோவர்டு சாமர்வெல், அவ்வூர் மிஷன் மருத்துவமனையில் பல்லாண்டுகள் பணியாற்றினார். சிறுகுடலின் தொடக்கத்தில் உண்டாகும் புண்ணுக்காக அவரிடம் அறுவைச் சிகிச்சை பெற்றோர் ஏராளம். உணவு, காரம், மனக்கவலை என்று அந்நோய்க்குப் பற்பல காரணங்கள் கூறப்பட்டன. கிருமியைச் சந்தேகித்தவர் மிகச் சிலரே. இரைப்பையின் அமிலத்தில் எந்தக் கிருமிதான் பிழைக்கும்?

1982-இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் ஆகிய இருவர் அத்தகைய கிருமி ஒன்றை வளர்த்துக் காட்டினர். அதுவே ஹெலிகோபாக்டர் பைலோரி. கத்தியை நாடிய அந்நோய், இன்று பெரும்பாலும் இரண்டு வார மருந்தினால் தீர்கின்றது.

இப்பாக்டீரியா யூரியேஸ் என்னும் நொதியைக் கொண்டு யூரியாவைச் சிதைக்கின்றது. அதனால் உண்டாகும் அம்மோனியா, சுற்றிலுமுள்ள அமிலத்தின் கடுமையைத் தணிக்கின்றது. ஆனால் அமிலத்தைத் தாங்கினால் மட்டும் போதாது. தனக்கு இடமளிக்கும் பிராணியின், அதாவது ஓம்புயிரின், இரைப்பைச் சுவரைப் பற்றிக்கொள்ளவும் வேண்டும். அவ்வாறு பற்றுவதற்கு உதவும் புரதங்களுள் ஒன்று, நம் இரத்தப் பிரிவுகளை நிர்ணயிக்கும் சர்க்கரைப் பொருள்களுடன் ஒட்டிக்கொள்கின்றது. தென் அமெரிக்கப் பழங்குடியினர் ஏறக்குறைய அனைவரும் ‘ஓ’ பிரிவினர். அவர்களிடம் காணப்படும் பைலோரி வகைகளுள் பாதிக்கு மேற்பட்டவை ‘ஓ’ பிரிவுப் பொருளையே சிறப்பாகப் பற்றுகின்றன. புரதத்தை அமைக்கும் ஜீனில் நேர்ந்த மாறுதலின் விளைவு இது.

ஓம்புயிரே மாறிவிட்டால் என்னவாகும்? திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலையில் மாணவர்கள் காணும் சிங்கம், புலி ஆகிய இனங்களிலும், சிவிங்கிப் புலியிலும் ஹெலிகோபாக்டர் அசினோனிகிஸ் என்னும் பாக்டீரியா வாழ்வதுண்டு. இது பைலோரியின் மிக நெருங்கிய உறவு. சுமார் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மனிதனிடமிருந்து பெரும்பூனை இனத்திற்கு இது தாவியிருக்கலாம் என்று 2006-இல் வெளியான ஆராய்ச்சி கணித்தது. (இக்கணக்கு 50,000 முதல் 4 லட்சம் ஆண்டுகள் வரை நெகிழக்கூடியது.) மனிதனைத் தின்ற ஏதோ ஒரு விலங்கு, அவன் வயிற்றுக் கிருமியையும் சேர்த்து விழுங்கியது போலும்! தாவிய திசையை எவ்வாறு அறிவது? பைலோரியில் முழுமையாக உள்ள ஜீன்கள் பல, குறிப்பாக மேற்புறப் புரதங்களுக்குரியவை, அசினோனிகிஸில் சிதைந்து கிடக்கின்றன. புதிய வயிற்றில் அவற்றுக்கு வேலையில்லை. சிதைந்த ஜீன் மீண்டும் சீராவது அரிது. இழப்போடு வரவும் உண்டு. ஓம்புயிரின் நோய்த்தடுப்பு ஆற்றலை ஏய்க்க உதவக்கூடிய சில ஜீன்களைப் பிற பாக்டீரியாக்களிடமிருந்து அது பெற்றுள்ளது.

உணவின் சுவடும் ஜீன்களில் பதிந்துள்ளது. யூரியேஸ் செயல்பட நிக்கல் உலோகம் தேவை. நிக்கல் பெரும்பாலும் தாவர உணவிலிருந்தே கிடைக்கின்றது. ஆதலால் தானியமும் கிழங்கும் உண்ணும் மனிதனின் வயிற்றில் அதற்குப் பெருங்குறைவில்லை. இறைச்சியிலோ நிக்கல் சொற்பம், இரும்பு மிகுதி. பூனை, மரநாய் இனத்தைச் சேர்ந்த ஃபெரட், பெரும்பூனைகள் ஆகிய ஊனுண்ணிகளில் வாழும் மூன்று ஹெலிகோபாக்டர் இனங்களில் இரண்டாவது யூரியேஸ் ஒன்று உண்டு. பைலோரியில் அது இல்லை. ஃபெரட்டின் பாக்டீரியாவில் இந்த இரண்டாவது நொதி நிக்கலுக்குப் பதில் இரும்பைக் கொண்டு இயங்குவது 2011-இல் நிரூபிக்கப்பட்டது. நிக்கல் கிடைக்கும்பொழுது அப்பாக்டீரியா முதல் நொதியை மிகுதியாக ஆக்குகின்றது. நிக்கல் குன்றியதும் இரும்பு நொதிக்கு மாறிக்கொள்கின்றது.